பதினாலு கீறல்

கறுப்புப் பலகை, மஞ்சள் எழுத்து.
வாடகை வண்டியென்று ஊருக்கே தெரியும்.
ராமநாதபுரம் கேணிக்கரையில் களஞ்சியம்
வண்டியைச் சுற்றி வந்து
பழைய கீறல்களை ஃபோனில் படமெடுத்தார்.
"நாளைக்கு நீங்க போட்டதில்லேன்னு ஆகணும்ல."
பதினாலு கீறல். பம்பரில் ஒரு நசுங்கல்.
கல்யாணத்துக்கு முன்னால் என்னையும் யாராவது
இப்படிச் சுற்றி வந்து
எடுத்து வைத்திருக்கலாம்.

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தால்
எதிரே ஸ்டியரிங் இல்லை.
களஞ்சியம் சிரிக்கவில்லை.
"துபாயாக்கா?"
சோஹார்.
"எல்லாம் அந்தப் பக்கந்தான்."

சோஹாரில் ஒன்பது வருஷம்
ரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டினேன்.
ஓட்டப் படித்ததும் அங்கேதான்.
மூன்று தடவை தோற்று நாலாம் தடவை
போலீஸ்காரர் நீளமாக ஏதோ சொல்லிக் கையெழுத்திட்டார்,
மப்ரூக் மட்டும் புரிந்தது.
ஊரில் நான் ஓட்டியதெல்லாம்
மச்சானின் சைக்கிள்,
அதுவும் சந்துக்குள், மஃரிபுக்குப் பிறகு.
எனவே கீழக்கரைக்காரி
கீழக்கரைச் சாலைக்கு
இப்போதுதான் முதன்முதலாக வெளிநாடு வருகிறேன்.

திருப்புல்லாணி விலக்கில் திரும்ப நினைத்து
இடது கையால் தட்டினால்
மேகமே இல்லாத வானத்துக்கு
வைப்பர் கிறீச்சிட்டுத் துடைக்கிறது.
பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர்
டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்.
கியரைத் தேடிய வலது கை கதவில் இடித்து
மோதிரக் கல் கழன்று எங்கோ விழுந்தது.
நானே சம்பாதித்து வாங்கிய மோதிரம்.
நிறுத்தித் தேடத் தைரியமில்லை.
இடம், இடம், இடம்
என்று ஓதிக்கொண்டே போனேன்.

முன்னால் ஒரு வண்டி இருந்தால் பயமில்லை,
வாலைப் பிடித்துக்கொள்ளலாம்.
ஏர்வாடி வரைக்கும் ஒரு மீன் வண்டி
ஐஸ் தண்ணீரைச் சொட்டிச் சொட்டி
எனக்குக் கோடு போட்டுத் தந்தது.
அதுவும் கரைப் பக்கம் பிரிந்துவிட்டது.

பிறகு வாலிநோக்கம் சாலை.
இரண்டு பக்கமும் உப்பளம்,
இரண்டு பக்கமும் சீமைக்கருவேல்,
நடுக்கோடு அழிந்து கனகாலம்.
யாருமில்லை.
தூக்கத்தில் புரண்டு
பழகிய பக்கம் படுப்பதுபோல
வண்டி வலப்பக்கம் போயிருக்கிறது.
எனக்குத் தெரியாது.
அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

எதிரே உப்பு லாரி,
தார்ப்பாய் படபடக்க,
தன் சரியான பக்கத்தில்,
எனக்கு நேராக.

ஹாரன் அடிக்கவில்லை.
விளக்கை ஒரேயொரு தரம் சிமிட்டிவிட்டு
லாரி தன் வலப்பக்கம் ஒதுங்கியது,
சாவகாசமாக, அதுதான் முறை என்பதுபோல.
நானும் என் வலத்தில் அப்படியே போனேன்.
சோஹாரில் என்றால் கடக்கும்போது முகம் தெரிந்திருக்கும்.
இங்கே அவர் இருக்கை அந்தக் கோடியில்,
என்னுடையது இந்தக் கோடியில்.
கண்ணாடிக்குள் ஒரு கை
உயர்ந்து இறங்கியதை மட்டும் பார்த்தேன்.

தம்மாமில் ஓட்டியவரோ, ரியாத்திலோ.
இல்லை, கிறுக்கச்சி ஒருத்தியைத் திருத்த நேரமில்லாத
உள்ளூர்க்காரர்தானோ.
ஐந்தாறு விநாடி
வாலிநோக்கம் வேறொரு நாட்டில் இருந்தது.

நான் வந்தது மனையைப் பார்க்க.
இதுவரை காகிதத்தில் மட்டும் பார்த்த மனை.
நாலு கல்லும் நட்டபடி இருந்தன.
நடுவில் யாரோ
நெத்திலி காயப்போட்டிருந்தார்கள்.
ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினேன்.

சாயங்காலம் களஞ்சியம் மறுபடி சுற்றி வந்தார்.
பதினாலுதான். கூடவில்லை.

ராத்திரி ஃபோன் செய்தேன்.
மோதிரக் கல் ஒன்று, பச்சை,
டிரைவர் சீட்டுக்கு அடியில் பாருங்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"எந்தப் பக்கத்து டிரைவர் சீட்டுக்கா?"