எனக்கு நேராகத்தான் தெரிகிறது

பியூலா அத்தை ஒன்பது எண்களைச் சொல்கிறாள்.
எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம்
ஊரையும் ஊரையும் கோர்த்துவிட்ட குரல்.
மும்மூன்றாக நிறுத்தி,
எழுதிக்கொண்டாயா என்று கேட்காமல்
எழுதி முடிக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு.
சோழிங்கநல்லூரில் நான் தட்டுகிறேன்.
அயனாவரத்தில் அவள் அனுமதிக்கிறாள்.
அவளுடைய அம்புக்குறி என் கைக்கு வருகிறது.

புகார் இதுதான்:
வீடியோவில் அவள் தலைகீழாகத் தெரிகிறாளாம்.
புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில்
பதினோரு பெண்கள் நேராக இருக்க
இவள் மட்டும் வௌவால் மாதிரி.
"எஸ்தர் சிரிச்சா.
கண்ணை மூடி ஜெபிக்கிற நேரத்துல
அவ எதுக்குக் கண்ணைத் திறந்தா?"

கேமராவைத் திறந்து பார்க்கிறேன். உண்மைதான்.
மேலே மோவாய், கீழே நரை.
மூக்குக்கண்ணாடி மட்டும்
எப்படிப் பார்த்தாலும் மூக்குக்கண்ணாடி.

டிரைவரை அழித்தேன், மறுபடி ஏற்றினேன்,
கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினேன்.
அது எழும்வரை போனில் இரண்டு பேருக்கும்
பேச ஒன்றுமில்லை.
"அங்க மழையா?"
"இல்ல. அங்க?"
"லேசா."

மற்றபடி அந்தத் திரையில் ஒரு குறையும் இல்லை.
பென்ஷன். பென்ஷன் புதுசு. கரன்ட் பில்.
'இதைத் திறக்காதே' என்று ஒரு ஃபோல்டர்.
திறக்கவில்லை.
ஆபரேட்டருக்குக் காது உண்டு, வாய் கிடையாது
என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள்.

"எனக்கு எல்லாம் நேராத்தான் தெரியுது அத்தை."
"எனக்கும் நேராத்தாண்டா தெரியுது.
அதுக்குத்தானே திருப்பி வெச்சேன்."
"எதை?"

போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.
மேஜைமேல் மானிட்டர் சிரசாசனம்.
அதன் பாதம் மேலே, காற்றில்.
இரண்டு பக்கமும் முட்டுக்கு
பழைய டெலிபோன் டைரக்டரிகள்.
விழாமலிருக்க ஒரு பாவாடை நாடா
ஜன்னல் கம்பியோடு.

நாலு வாரம் முன்பு கீபோர்டைத் துடைத்தாளாம்.
படம் கவிழ்ந்துகொண்டதாம்.
"உன்னைக் கூப்பிட்டா மீட்டிங்ம்பே.
படம் கவுந்தா பொட்டியைக் கவுத்தாச் சரி."
நாலு வாரமாய் அப்படியே உட்கார்ந்துதான்
வீட்டு வரி கட்டியிருக்கிறாள்,
என் பிறந்தநாளுக்கு வசனத்தோடு
எட்டு வரி எழுதியிருக்கிறாள்.
நான் ஒரு கட்டைவிரல் அனுப்பியிருந்தேன்.

செட்டிங்ஸில் ஒரே ஒரு வரி. மாற்றினேன்.
"ஐயோ, இப்பதாண்டா கவுந்துச்சு!"
"பொட்டியைத் திருப்பு அத்தை. மெதுவா."

கேமராவை நான் மூடியிருக்கவில்லை.
நாடா அவிழ்கிற சத்தம்.
பிறகு வீடு சுழலத் தொடங்கியது:
அவள் கழுத்துச் சங்கிலி,
போன மாதத்திலேயே நிற்கும் காலண்டர்,
டியூப்லைட்,
காரை பெயர்ந்து கம்பி தெரியும் கூரை,
அதில் டீ கொட்டின நிறத்தில்
ஆளுயரக் கறை,
சுவரோரக் கட்டில் நடு அறைக்கு வந்திருக்கிறது,
கட்டில் இருந்த இடத்தில் நீலப் பக்கெட்,
பக்கெட்டுக்குள் மடித்த துண்டு,
சொட்டுகிற சத்தம்
போனில் கேட்காமலிருக்க.

பிறகு அவள் முகம். நேராக. வியர்த்து.
"இப்ப?"
"சரியா இருக்கு."
எஸ்தருக்கு இனிமேல் வேலையில்லை என்கிறாள்.
"அத்தை, அந்தப் பக்கெட்?"
"ஏசித் தண்ணி."

அந்த வீட்டில் ஏசி கிடையாது.

மேப்பில் பார்க்கிறேன்: மெட்ரோ பள்ளங்கள் தாண்டி
இரண்டேகால் மணி நேரம், முழுக்கச் சிவப்பு.
போன ஈஸ்டருக்கும் இதே சிவப்புதான்
எனக்குக் காரணமாக இருந்தது.

"சரி, லைன் க்ளியர்" என்கிறாள்.
அம்புக்குறி என் கையிலிருந்து நழுவி
மூலையிலிருக்கும் பெருக்கல் குறிக்குப் போகிறது.
நான் இழுக்கிறேன்.
அவள் இழுக்கிறாள்.
கொஞ்ச நேரம் அது
நடுத்திரையில் நின்று நடுங்குகிறது.