நான்கு சதுர அடி

கோப்பு என் மேசைக்கு வந்தபோது
அதற்குப் பதினோரு வயது.
பாலம் என்றால் நெடுஞ்சாலைத் துறை.
கூரை என்றால் கட்டடப் பிரிவு.
உப்பாற்றின் மேல், சின்னியம்புதூர்த் தடத்தில்,
கூரை போட்ட பாலம் என்றால்
யாருமில்லை.

தொண்ணூற்று நாலில்
தேங்காய்நார் ஏற்றிய லாரி
நடுவிட்டத்தை நெட்டித் தள்ளிவிட்டு நின்றது.
டிரைவர் இறங்கி அண்ணாந்து பார்த்து
"ஆத்துக்கு எவன்டா கொடை புடிச்சது?" என்றானாம்.
அந்தக் கேள்விக்கு ஊரில் மூன்று பதில்.
மரம் உளுத்துப்போகாமலிருக்க என்பார் ராக்கியண்ணன்.
சுங்கக் குத்தகைக்காரன் நனையப் பயந்தவன்,
காசிலே கெட்டி என்பது டீக்கடைப் பேச்சு.
மூன்றாவது பதில், காளைகளுக்காக.
தாராபுரம் சந்தைக்குப் போகிறவை
வெள்ளத்தைக் கண்டால் மிரளும்,
நுகத்தோடு பின்னால் நகரும்.
இருபுறமும் பலகை அடித்து, மேலே ஓடு வேய்ந்தால்
தொழுவம் என்று நம்பி நடந்துவிடும்.

பலகையின் உயரம் நாலேகால் அடி.
ஆளில்லாத மத்தியானம்
குனிந்து, மாட்டின் கண்மட்டத்துக்கு இறங்கி
இக்கரையிலிருந்து நடந்து பார்த்தேன்.
ஆறு காணாமல் போனது.
அதன் சத்தம் மட்டும் காலடியில்.
எதிரே ஒரு சதுரம் வெளிச்சம்,
அதற்குள் வேலிக் கிளுவை.
"ஏனுங் அம்மிணி, எதாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?"
பால்கேனோடு மொபெட்டில் ஒருவர்.
ஆமாங்க என்று சொல்லிவைத்தேன்.

கூட்டு ஆய்வு அன்று
நெடுஞ்சாலைக்காரர் டேப்பை நீட்டி
"முட்டி வரைக்கும் எங்களுது" என்றார்.
"தூணு அதுக்கு மேலயும் போகுதுங்களே."
பேசிக்கொண்டிருக்கும்போதே ஐப்பசி மழை
கோணவாக்கில் இறங்கியது.
மிச்சமிருந்த நாற்பது ஓட்டுக்கு அடியில்
நாங்கள் இருவர், ஜீப் டிரைவர்,
முருகாத்தாள், அவளுடைய வெள்ளாடுகள் இருபத்திரண்டு.
ஒரு கிடா டேப்பின் நுனியை மென்றது.
சாயங்காலம் அவர் கையெழுத்துப் போட்டார்.
மழைக்காகவெல்லாம் இல்லை.
மாற்றல் வந்திருந்தது. இந்தக் கோப்பை
அடுத்தவனிடம் விட்டுப்போகக் கூச்சமாயிருக்கிறது என்றார்.

பணம் வந்தது, கேட்டதில் பாதி.
விட்டத்துக்குள் இரும்பு, வெளியே வேம்பு.
ஓட்டுக்குப் பதில் பச்சைத் தகரம்.
"கோழிப்பண்ணையாட்டம் இருக்குது" என்றார்கள்,
இருக்கத்தான் செய்தது.
மழை பெய்தால் உள்ளே பேச முடியாது.
புளியமரத்துக்குக் குடிபோன வௌவால்கள்
தகரச் சூட்டை மூன்று வாரம் யோசித்துவிட்டு
திரும்பி வந்தன. குவார்ட்டர் பாட்டில்களும்.

வடபுறத்து ஏழாம் பலகையில்
பழைய தாரைச் சுரண்டிக்கொண்டிருந்த பாவாயி
கூப்பிட்டாள்.
கத்தியால் கீறிய கோடுகள்,
நாலுக்கு ஒரு குறுக்குக் கோடு,
வண்டிக் கணக்கு, பத்தி பத்தியாக.
ஓர் இடத்தில் கோடு நின்று
எழுத்து தொடங்கியது, கோணலாக:
மழெ. மூணு சோடி. காசு வாங்கலெ.

மரப்பகுதி முழுவதற்கும் இரு பூச்சு
என்கிறது மதிப்பீடு.
முழுவதற்கும் என்று எழுதியவளே நான்தான்.
பாவாயியின் பிரஷ்ஷிலிருந்து
சொட்டு அவள் செருப்பில் விழுந்தது.
"அடிச்சுடட்டுங்களா, வுட்டுடட்டுங்களா?"
சித்தெ நேரம் நின்றேன்.
"வுட்டுடுங்க."

அளவுப் புத்தகத்தில்
நான்கு சதுர அடி கழித்தேன்.
ஏழு மாதம் கழித்துத் தணிக்கையிலிருந்து கடிதம்:
பூச்சுப் பரப்பு குறைவு.
காரணம் கூறுக.

மூன்று வரைவு எழுதிக் கிழித்தேன்.
தொன்மை என்றால் தொல்லியல் துறைக்குப் போகும்,
கோப்புக்கு இன்னொரு பதினோரு வயது.
நாலாவது தாளில்
மழை
என்று மட்டும் எழுதி
முத்திரை வைத்து அனுப்பிவிட்டேன்.

பதில் இல்லை இதுவரை.