தடைக்காலக் கணக்கு

ஏப்ரல் பதினைந்துக்குப் பிறகு காசிமேட்டில்
எனக்கு வேலை, நிற்பவற்றை எண்ணுவது.
விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி
ஒன்றின் டயர் இன்னொன்றின் விலாவில் பதிய நிற்கின்றன.
பதிவெண், நீளம், குதிரைத்திறன், உரிமையாளர் பெயர்.
அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் நிஜ உரிமையாளருக்குப்
படிவத்தில் கட்டம் கிடையாது.

பகல் இரண்டு மணிக்கு மின்விசிறியும் ஓய்ந்தபின்
மூன்றாம் இழுப்பறையைத் திறந்து எடுக்கிறேன்
நைஜர் ஆற்றங்கரையில் எழுந்த சொங்காய் அரசை.
அட்டை போன புத்தகம். மூர்மார்க்கெட்டில் நாற்பது ரூபாய்.

அரசுகள் எல்லாம் குதிரையில் வரும் என்றுதான்
பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.
இது படகில் வந்தது.
தங்கம் போகும் வழியும் உப்பு வரும் வழியும்
முட்டிக்கொள்ளும் ஆற்று வளைவில்
எந்த மாதம் எந்த மணல்திட்டு நகரும்,
நீர்யானை எங்கே மூச்சு வாங்க எழும்பும்
என்பதெல்லாம் வலைக்காரர்களுக்குத்தான் தெரியும்.
குதிரை வைத்திருந்தவன் அவர்களிடம் வந்து நின்றான்.
கேட்டானா, பிடுங்கினானா?
பதினேழாம் பக்கம் மழுப்புகிறது.

ஒரு மன்னன் ஜென்னே நகரை ஏழாண்டு வளைத்துக் கிடந்தானாம்.
வெள்ளம் ஏறினால் அந்த ஊர் தீவு.
நானூறு படகுகள்.
ஜன்னல் வழியே பார்க்கிறேன்: இங்கே எழுநூற்றுச் சொச்சம்.
மீன் முட்டையிடட்டும் என்று
கடலைவிட்டு விலகி நிற்கும் படை.

அவனுக்குப் பின் ஆட்சியைப் பறித்தவன்
கணக்கப்பிள்ளைகளின் மன்னன்.
எனக்கு இவனைத்தான் பிடித்தது.
நீருக்கு ஓர் அதிகாரி, காட்டுக்கு ஒருவர்,
விளைநிலத்துக்கு ஒருவர், கருவூலத்துக்கு ஒருவர்,
வந்து தங்கிய வெள்ளைத்தோல் அயலார் வழக்குக்குத் தனியே ஒருவர்.
சந்தையில் எவன் கையிலும் ஒரே எடைக்கல்.
படகுகளுக்கெல்லாம் தலைவன் ஹி-கோய்;
அவையில் அவனுக்கு உயர்ந்த இடம்.
எங்கள் துறைக்குக் கூட்டங்களில்
ஏசி காற்று எட்டாத நாற்காலி.

கொல்லர் குடும்பம் ஆண்டுக்கு நூறு ஈட்டி, நூறு அம்பு.
சில குலங்கள் குதிரைக்குப் புல் அறுக்கவே பிறந்தவை என்று
எழுதியே வைத்திருந்தார்கள்.
மீனவன் வெள்ளம் வடிந்ததும் கருவாடு கட்டவேண்டும்,
பத்துக் கட்டு வரை, அவனவன் சக்திக்கேற்ப.
அந்தச் சொல்லில் விரல் நின்றுவிட்டது.
சக்தியை அளந்தது யார்?
கரையில் பேனாவோடு
என்னைப்போல ஓர் ஆள்.

தேசப்பன் வந்தார், நிவாரணப் படிவத்தோடு.
ஆதாரில் அவர் பெயருக்கு ஒரு புள்ளி குறைவு.
"இன்னா மேடம், பரீட்சைக்கா?"
"ஆப்பிரிக்காவுல ஒரு ராஜ்ஜியம். படகுக்காரங்களை வெச்சு எழுந்துச்சு."
"படகுக்காரனுக்கு இன்னா கெடச்சுது?"
புரட்டினேன். கட்டு, கட்டு, கட்டு.
"கருவாடு குடுத்தான்."
"அத்த நான் கேக்கல" என்றவர்
கையெழுத்து எங்கே போடணும் என்றார்.

ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
பாலைவனம் தாண்டித் துப்பாக்கிகள் வந்தன.
எதிரிமேல் விரட்டிவிட்ட மாட்டு மந்தை
வெடிச்சத்தம் கேட்டுத் திரும்பி
விரட்டியவர்களையே மிதித்தது.
நீர் அதிகாரி, காட்டு அதிகாரி, எடைக்கல்,
எல்லாம் ஒரே நாளில் என்று சொல்லமாட்டேன்;
பேரரசு சாகச் சில கோப்புகள் பிடிக்கும்.
ஆனால் திம்புக்டுவின் படகுத்துறை அதிகாரி
இருந்த படகையெல்லாம் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்.
வென்றவர்கள் நின்றார்கள், எதிரே ஆறு.
வீடு வீடாகக் கதவைப் பெயர்த்துப்
படகு செய்யவேண்டியதாயிற்று.

அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.
ஐந்து மணி ஆகியும் எழுந்திருக்கவில்லை.

பிறகு போய் மறுபடி எண்ணினேன்.
இந்த முறை படகுகளை இல்லை,
கயிறுகளை:
எந்த முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும்,
எது உப்பேறி இறுகிக் கிடக்கிறது.