சாயங்காலக் கால்

ஆம்பூரில் நான் பார்ப்பது வலது கால் ஷூ மட்டும்.
இடது, அடுத்த மேசைக்குப் போகும்.
தோலைத் திருப்பி, உள்தையலில் விரலை ஓட்டினால்
இஞ்சுக்கு எத்தனை குத்து என்று
கண்ணுக்கு முன்னால் நகம் சொல்லிவிடும்.
தப்பென்றால் சிவப்பு ஸ்டிக்கர்.
பதினோரு வருஷமாக
யாரோ ஒரு ஜெர்மன்காரியின் குதிகாலுக்காக
நான் பொல்லாதவள்.

போனஸ் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை,
வேலூர் லாங் பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.
கண்ணாடிக்குள் விளக்கடித்து வைத்ததில்
எல்லாக் கொலுசும் ஒரே மாதிரிச் சிரித்தன.
திருப்பிப் பார்த்தேன்.
பற்றவைத்த இடமெல்லாம் கட்டி கட்டியாக,
ஆறிப்போன கஞ்சி.
"பின்பக்கம்லாம் யாரு பாக்கறாங்க" என்றான் கடைப்பையன்.
நான் பார்க்கிறேன், தம்பி.
எனக்கு அதற்குத்தான் சம்பளம்.

ஜிப்பும் பட்டனும் விற்கிற கடைக்குப் பின்னால்
மாடிப்படிக்கு அடியில் தணிகாசலம்.
போர்டு கிடையாது. ஒரு டேபிள் ஃபேன்,
ஊதுகுழலை எடுத்தால் அதையும் அணைத்துவிடுகிறார்.
வேலூர் வெயில் அந்தப் பொந்துக்குள்
மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

ஒரு ஜோடியை நீட்டினார். புகழவில்லை.
திருப்பினேன். பின்பக்கமும் முன்பக்கம்.
ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டேன்,
முறுக்கிக்கொள்ளாமல்
குழாயிலிருந்து தண்ணீர் இறங்குகிறாற்போல் இறங்கியது.
முந்தானை மேல் வைத்து இழுத்தேன்,
ஓர் இழை கூட எழும்பவில்லை.
வளையம் வளையமாக நகத்தை நகர்த்தி
பதினேழாவதில் நிறுத்தினேன்.
வாய் ஒரு மயிரளவு திறந்திருந்தது.

லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார்.
"கையால செஞ்சா அப்படித்தான், அதான் அழகு" என்று
என்னிடம் கதை விடவில்லை.
கத்தரித்து மூசையில் போட்டார்.
"இங்கதான் மொதல்ல அறும்.
பஸ்ல விழுந்திருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

பிறகு துண்டுச்சீட்டில் கணக்கு:
வெள்ளி இவ்வளவு, கூலி இவ்வளவு, தனித்தனியாக.
கூலி, கண்ணாடிக் கடையைவிட முந்நூறு கூட.
முகம் சுளித்தேன்.
"கொக்கி தேயும். அத மட்டும் கழட்டி மாத்தலாம்,
கொலுச அழிக்க வேணாம். முந்நூறு அதுக்கு."
புரிந்தது. எங்கள் பக்கத்தில்
ஒட்டின ஷூ, தைத்த ஷூ என்போம்.
ஒட்டினது வாய் பிளந்தால் குப்பை.
தைத்ததைப் பிரிக்கலாம்.

காசை எடுத்து வைத்துக் காலை நீட்டினேன்.
அவர் நூலை எடுக்கவில்லை.
"நின்னுக்கினு பாக்கற வேலையா?"
"எட்டு மணி நேரம்."
"அப்ப இன்னிக்கு வேணாம். இது லீவு நாள் காலு.
நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சி வாங்க, வீங்கினதுக்கு அப்புறம்."

ஷூ அளவை மாலையில்தான் எடுக்க வேண்டும் என்று
எங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.
தினமும் பார்க்கிறேன்.
அதில் சொல்லும் கால் என்னுடையதாகவும் இருக்கலாம் என்று
தோன்றியதே இல்லை.

திங்கட்கிழமை பஸ்ஸிலும் இடமில்லை.
பள்ளிகொண்டா டோல்கேட்டில் கம்பியைப் பிடித்தபடி
ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றினேன்.
படிக்கட்டுக்கு அடியில் ஏழே முக்காலுக்கு
கணுக்காலில் நூலைச் சுற்றி,
ஒரு விரல் உள்ளே விட்டு, முடிச்சிட்டு,
இன்னொரு கால் என்றார்.
"பேரு?"
"தமயந்தி."
எழுதினார்: இடது பத்தேகால். வலது பத்தரை.

வலது காலையே பார்த்துப் பிழைக்கிறவளுக்கு
தன் வலது கால் பெரியதென்று
முப்பத்தாறு வயதில் தெரிந்தது.

வியாழக்கிழமை தருகிறேன் என்றார்.
அவர் வியாழன் என்றால் சனி,
ஜிப்புக் கடைக்காரர் கண்ணடித்துச் சொன்னார்.
ஆகட்டும்.
பதினேழாவதின் வாய் மூடட்டும் முதலில்.