குதிரை

முதல் குதிரை ஓடிப்போனது சித்திரையில்.
மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில், தகர ஷீட்டுக்கு அடியில்,
மதியம் இரண்டு மணிக்குப் பசை இளகி
டப்பென்று தெறித்து
நான்கு நரம்பையும் இழுத்துக்கொண்டு
அரிசி டப்பாவுக்குப் பின்னால் விழுந்தது.
நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.
பல்லி என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன்.

குதிரை என்றால் நரம்பைத் தாங்கும் கட்டை.
மெட்டு என்றால் பித்தளைக் கம்பி.
வீணைக்காரர்களிடம் கடன் வாங்கிய சொற்கள்,
அவர்களைக் கேட்காமல்.
யுகுலேலே என்று முழுதாகச் சொன்னால்
பக்கத்து வீட்டு ஜெயசுதா
"எதுக்குடி குலவை?" என்கிறாள்.

மேற்பலகையும் முதுகும் கிரானைட் பெட்டி.
இத்தாலிக்குக் கல் சுமக்க வந்த பைன்,
கல் விரிசல் விட்டதால் ஓசூரிலேயே நின்றுவிட்டது.
துளைக்குள் டார்ச் அடித்தால்
'இப்பக்கம் மேல்' அம்புக்குறி தெரியும்.
வாசிப்பவர் முகத்தைப் பார்க்கும்படி வெட்டினேன்.
விலா, காவேரிப்பட்டணத்து மரவாடியின் மா.
ஒன்றரை மில்லிக்கு இழைத்து, நனைத்து,
மொபெட் சைலன்சருக்குள் தீ விட்டு
அதன்மேல் வளைக்க வேண்டும்.
மூன்று முறிந்தன. நாலாவது சொன்ன பேச்சு கேட்டது.
விளிம்பு ஒட்ட நாற்பத்தாறு துணிக் கிளிப்.
அன்றைக்கென்று காற்றடித்து
வரிசையில் எல்லார் சட்டையும் சாக்கடையில்.

கம்பெனியில் எனக்கு அளக்கிற வேலை.
கியர் பல் நூறில் ஒரு மில்லி பிசகினால்
சிவப்புச் சீட்டு கட்டித் தொட்டியில் போடுவேன்.
அதே வெர்னியர்தான் மெட்டுக்கும்:
முந்நூற்று நாற்பத்தைந்தைப்
பதினேழு புள்ளி எட்டு ஒன்று ஏழால் வகுத்துக் கழி,
மிச்சத்தை மறுபடி வகுத்துக் கழி.
பன்னிரண்டாம் தடவை
நரம்பின் சரிபாதியில் வந்து நிற்கும்.
காகிதத்தில் நின்றது.
மரத்தில் அரை நூல் தள்ளி நின்றது.

திம்மராஜ் வந்தது ஒரு ஞாயிறு.
பிரஸ் ஷாப்பில் இடது கை விரல் இரண்டை விட்டவர்.
நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு,
"ரெண்டு கம்பெனிக் கணக்குல இருக்கு.
மிச்சம் மூணு மீட்டும், வலது கை மெட்டு பிடிக்கும்.
நரம்பை மட்டும் மாத்திக் கட்டிக் குடுங்க" என்றார்.

மட்டும்!
தடித்த நரம்பு மெல்லிய பள்ளத்தில் உட்காராது,
மெல்லியது தடித்ததன் பள்ளத்தில்
குடிகாரன் மாதிரி ஆடும்.
கசாப்புக் கடையில் இன்னொரு எலும்பு வாங்கி
அறுத்துப் புதிதாய்ப் பள்ளம் போட்டேன்.
போகிற போக்கில் குதிரையையும் பெயர்த்து
அரை நூல் பின்னே கட்டினேன்.
இம்முறை வேறு பசை.

மீட்டினார். முகம் சுளித்தார்.
"நாலாவது மெட்டுல கரகரங்குது."
எனக்குக் கேட்கவில்லை.
ஸ்கேலை வைத்துச் சாய்த்துப் பார்த்தால்
ஐந்தாவது, ஒரு முடி உயரம்.
பதினோரு வருஷம் பிரஸ் சத்தத்தில் நின்ற காது.
எப்படி என்றேன்.
"அந்தச் சத்தத்துல எது பிசகுதுன்னு கேட்கலைன்னா
விரல் போயிரும்."
கையைப் பார்த்துக்கொண்டார்.
"ஒரு நாள் கேட்கலை."

அரம் போட்டுக்கொண்டிருந்தபோது
இரண்டாம் ஷிப்ட் சங்கு ஊதியது.
கையில் இருந்ததை வாங்கி
ஒரே நரம்பை நாலைந்து தடவை சுண்டினார்.
"உங்க பொட்டி சரியாத்தான் இருக்கு.
சங்குதான் கால் சுருதி இறங்கிப்போச்சு."

மெயின்டனன்ஸில் சொன்னால் சிரிப்பார்கள்.
சிவப்புச் சீட்டு என் பையில் இருக்கிறது,
கம்பம்தான் உயரம்.

ஆயிரத்து எண்ணூறு பேசி
ஆயிரத்து ஐந்நூறு தந்தார்.
மீதி சம்பளத்துக்கு அப்புறமாம்.
ஷேர் ஆட்டோ வரும்வரை ரோட்டோரம் நின்று
மீட்டிக்கொண்டிருந்தார்,
உள்ளே அம்புக்குறி
தரையைக் காட்டிக்கொண்டிருக்க.