தரைமட்டத்துக்குக் கீழே

டுலூத்தில் அக்டோபர் கடைசி.
ஏரிக்காற்றுக்கு அளவுநாடா அடங்கவில்லை.
வடகிழக்கு மூலையில், பட்டுப்போன ஹைட்ரேஞ்சாப் புதருக்குள்
முழங்கால்வரை நுழைந்து கொக்கியைச் சுவரில் மாட்டினேன்.
மூன்று தரம் கழன்றது. மூன்றாம் தரம் கன்னத்தில் விழுந்தது.
அடி என்றால் அளவு.
அடி என்றால் இதுவும்தான்.

வீட்டை வெளியிலிருந்து அளக்க வேண்டும்.
என் விதி இல்லை, தொழிலின் விதி.
அதனால் சுவர்களின் தடிமனும் விலைக்குப் போகும்.
இருபத்தெட்டுக்கு முப்பத்தாறு:
தரைத்தளம் ஆயிரத்தெட்டு சதுர அடி.
குறை சொல்லத் தொடங்குபவர்கள்
வழக்கமாகச் சொல்லும் எண்.

மார்லிஸ் கர்வோனன் பின்னாலேயே வந்தார்,
கையில் வீடு வாங்கிய காலத்துத் தாள்.
"ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்றுதானே கொடுத்தார்கள்?"
மாடிக்குக் கூட்டிப்போய்ச் சரிந்த கூரையைக் காட்டினேன்.
ஐந்தடிக்குத் தாழ்ந்த இடத்தை விதி பார்க்காது.
விதி பார்க்காத இடத்தில் ஒரு கட்டில்,
பனிச்சறுக்குக் காலணி ஒற்றை,
கூரைப் பலகையில் ஒட்டிய பிளாஸ்டிக் நட்சத்திரங்கள்.
"எழுந்து உட்கார்ந்தாலே தலை இடிக்கும் அவளுக்கு.
பெரிய அறையைக் கொடுத்தோம், போக மாட்டேன் என்றாள்."
முப்பத்தாறுக்குப் பதினாறு என்று எழுதினேன்.
அவர் தாளை நான்காக மடித்துக்கொண்டார்.

உள்ளே கணக்கு உதைத்தது.
அறைகளையும் சுவர்களையும் கூட்டிப் பார்த்தால்
வெளியளவுக்கு ஏழு அங்குலம் குறைகிறது.
சாப்பாட்டு அறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் தட்டினேன்;
சத்தமே வரவில்லை.
"இரட்டைச் சுவர்," என்றார் மார்லிஸ்.
"டுவேனின் குறட்டைக்கு. நான்தான் கேட்டேன்.
இரண்டே வாரத்தில் கண்ணாடிப் பஞ்சு திணித்து அவரே கட்டினார்.
வேலை சுத்தமாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது.
முடித்த மறுமாதம் நிலவறைக்குக் குடிபோய்விட்டார்.
பதினோரு வருடம்.
சுவர் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது."

ஏழு அங்குலம், பன்னிரண்டு அடி நீளம்:
பிசிறில்லாமல் ஏழு சதுர அடி.
அடிக்கு நூற்றுத் தொண்ணூறு டாலர்.
ஆயிரத்து முந்நூற்று முப்பது.
இரண்டால் வகுத்தும் பார்த்தேன்,
வாய்விட்டுச் சொல்லவில்லை.

லேசரை எதிர்ச்சுவருக்குப் பிடித்தேன். பதினான்கு அடி வர வேண்டும்.
நான்கடி இரண்டங்குலம் என்றது.
நிமிர்ந்தால், சட்டைப் பொத்தானுக்குமேல் சிவப்புப் புள்ளியோடு
டுவேன்.
"கீழே எப்போது வருவீர்கள்?"
வர வேண்டியதில்லை என்றேன்.
மண்ணுக்குக் கீழே இருப்பது கணக்கில் சேராது.
"ஜன்னல் வைத்திருக்கிறேனே."
வைத்தாலும்.
"படிகள்?"
படிகள் சேரும். எந்தத் தளத்திலிருந்து இறங்குகின்றனவோ
அந்தத் தளத்தோடு.
அவர் சிரித்தார், மார்லிஸும் சிரித்தார்,
ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

"சவுனாவும் சேராதா?"
குறிப்பில் போடலாம் என்றேன். அதற்காக இறங்கினேன்.
ஒற்றைக் கட்டில். மின்கெண்டி. ஒரே ஒரு கோப்பை.
பின்சுவரை ஒட்டி செடார் பலகைக் கதவு.
"சனிக்கிழமை மட்டும் அவளும் வருவாள்," என்றார்.
"பேச்சு கிடையாது. கல்லில் தண்ணீர் ஊற்றுவது அவள்,
போதும் என்று கை காட்டுவது நான்."
மேலே தொலைபேசி அடித்தது, ஏறிப் போனார்.

ஆறுக்கு ஐந்து. உயரம் ஏழு.
தாங்கியில் இரண்டு துண்டுகள், இரண்டும் ஈரம்.
கற்கள்மேல் உள்ளங்கையைத் தாழ்த்தினேன்,
தொடுமுன்பே சுட்டது.

படிவத்தில் மொத்தம்: ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்து நான்கு.
தேதிக் கட்டத்துக்குப் பக்கத்தில்
கிழமையும் எழுத வேண்டும்.
செவ்வாய் என்று எழுதினேன்.