ஒன்பதாம் பாகம்

குஷிரோவில் செவ்வாய், இரவு பத்து மணி.
இரண்டு முறை சோப்பு போட்டும்
நண்டு ஆலையின் வாடை போகாத விரல்களோடு
மிட்சுயே டிவி முன் உட்கார்கிறாள்.

ஒன்பது வாரமாய் அவன் சொல்லவில்லை.
இன்றும் ரயில் வருகிறது.
குனிந்து வணங்குகிறான்,
குடையை மட்டும் நீட்டுகிறான்,
கதவு மூடிக்கொள்கிறது.

"வாயில் என்னடா கொழுக்கட்டையா!"
திரையைப் பார்த்துக் கத்துகிறாள்,
தொண்டை அடைக்க.

பக்கத்தில் யசுனாரி
பாதித் தூக்கத்தில் ஆரஞ்சு உரிக்கிறான்.
வெள்ளை நார் ஒன்று விடாமல் எடுத்து
சுளைகளை அவள் பக்கம் தள்ளுகிறான்.
கல்யாணமான முதல் பனிக்காலத்திலிருந்து இப்படித்தான்.
அவள் பார்க்காமலே எடுத்து மெல்கிறாள்.

விளம்பரம்.
"சொன்னானா?"
கண் திறக்காமல் கேட்கிறான்.

"எங்கே!
அடுத்த வாரம்தான் கடைசி."
எப்படியோ தப்பி வந்த ஒரு விதையை
அவன் உள்ளங்கையில் துப்புகிறாள்.